முப்பத்தொன்றாம் கத்தி

தங்கத்தைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மெத்தென்று ஆகிவிடும். வெள்ளியும் அப்படித்தான். அடித்து அடித்து இறுகிப்போன தகட்டை நெருப்பில் காட்டி, சிவப்பு ஏறியதும் தண்ணீரில் விட்டெடுத்தால் மறுபடி வளைக்கலாம், நீட்டலாம், கம்பி இழுக்கலாம். பத்து வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஊதுகுழல் பிடித்த நாளிலிருந்து என் கைக்குத் தெரிந்த பாடம் இது. எஃகு இதற்கு நேர் எதிர். சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் கண்ணாடி போல இறுகும். அதற்குத் தோய்ச்சல் என்று பெயர். அதை மெத்தாக்க வேண்டும் என்றால் சாம்பலில் புதைத்து இரவு முழுக்க மெல்ல ஆறவிட வேண்டும். படித்துத் தெரிந்துகொள்ள இது ஒரு நிமிட வேலை. என் கைக்கு ஏற நான்கு வருடமும் முப்பத்தொரு கத்தியும் ஆயின.

நான் பத்தர். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறைதான் பட்டறை. தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறையாக அதே இடத்தில் குமுட்டி எரிகிறது. மெஷின் நகை வந்தபிறகு வேலை குறைந்துகொண்டே போனது. தாலியும் மெட்டியும் பழுதுபார்ப்பும்தான் மிச்சம். 2020 ஊரடங்கில் அதுவும் நின்றது. கல்யாணம் இல்லை என்றால் தாலி ஏது?

அந்த நாட்களில்தான் எதிர்வீட்டு சொல்தா தாத்தா ஒரு மடக்குக் கத்தியைக் கொண்டுவந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்றுதான் சொல்வோம். பிடியில் ஒரு ஆணி ஆடுகிறது, சரிபண்ணிக் கொடு என்றார். பிரான்சில் லயோல் என்ற ஊரின் பெயரில் வரும் கத்தி அது. மடக்கை இழுத்துப் பிடிக்கும் வில்லின் மேல் ஒரு தேனீ. முதுகு நெடுக அரத்தால் வெட்டிய பூவேலை. பிடியில் பொடி ஆணிகளை வரிசையாக அடித்து ஒரு சிலுவை. ஆடு மேய்ப்பவர்கள் மலையில் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி அந்தச் சிலுவை முன்னால் ஜெபம் செய்வார்களாம். தாத்தா சொன்னார். ஆணியை மாற்றப் பத்து நிமிடம் ஆனது. கத்தியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மூன்று நாள் ஆனது. இரும்பில் நகாசு வேலை செய்யலாம் என்பது அதுவரை என் மனதில் தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிறு சந்தை திறந்ததும் காந்தி வீதிக்குப் போய்ப் பழைய அரங்களாக வாங்கிவந்தேன். அரம் நல்ல எஃகு, தேய்த்தால் கத்தி. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அலங்காரம் எனக்குத் தெரியும். முதுகில் கொடி வெட்டினேன். பித்தளைத் தலைக்கட்டில் அன்னம் கொத்தினேன். பூவரசம் பிடியில் வெள்ளிக் கம்பியை மாங்காய் வடிவில் பதித்தேன். பிடிக்கு மரம் தேட இந்தப் பக்கம் அலையவே வேண்டாம். புளி, வாகை, பனையின் கருப்பு வைரம், ஆரோவில் செம்மண்ணில் வளர்ந்து நிற்கும் கத்திச் சவுக்கு என்று எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில். மான்கொம்பில் பிடி போட்டுத் தருவீர்களா என்று சிலர் கேட்பார்கள். மாட்டேன். 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கட்டும், அதைத் தொடவே எனக்கு மனம் வராது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ போனால் ஆயுதச் சட்டத்தின் பேச்சு வரும். அதனால் என் கத்திகள் எல்லாம் 6 அங்குலத்தைச் சுற்றியே இருக்கும்.

கத்திகளின் படம் பார்த்தவர்கள் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றின் வாலிலும், அதாவது பிடிக்குள் மறையும் பகுதியில், எண் கொத்தி வைத்தேன். முப்பது கத்தி போயின. எல்லாமே கண்ணாடி அலமாரிக்குள் போயின என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். முப்பது பேரில் ஒருவர்கூட ஒரு வெங்காயத்தை நறுக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முப்பத்தொன்று பண்ருட்டிக்குப் போனது. ஒரு பெண் கையில் ஒரு மரத்துண்டோடு வந்தார். "அண்ணா, இது எங்க தோப்புப் பலா. தானே புயல்ல விழுந்த மரம். அப்பா அறுத்து அடுக்கிவெச்சதுல கடைசித் துண்டு" என்றார். 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் அந்தப் புயல் கரையேறியபோது இங்கே இருந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. அவர் அப்பாவுக்கு எண்பது வயது நிறையப்போகிறது. பிறந்ததிலிருந்து பலாப்பழம் அறுத்த கை. அந்த மரத்திலேயே பிடி போட்டு ஒரு கத்தி வேண்டும்.

அந்தத் துண்டை வாங்கியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பலா வைரம் அறுத்தவுடன் மஞ்சளாக இருக்கும், வருடங்கள் ஆக ஆகத் தேன் நிறத்துக்குப் போகும். பத்து வருடத்துக்கு மேல் காய்ந்த மரம், உளி பட்டால் வெண்ணெய் போல வந்தது. ஒன்றரை மாதம் வேலை. முதுகில் கோயில் நிலைக்காலில் ஓடுவது போலக் கொடிக்கருக்கு வெட்டினேன்.

கருக்கு என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிற்பி கல்லில் வெட்டும் இலைக்கொடி கருக்கு. பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் கையைக் கிழிக்கும் பல் கருக்கு. நெல் அறுக்கும் பல்வைத்த அரிவாளும் கருக்கரிவாள்தான். அழகுக்கும் கூருக்கும் நம் ஆட்கள் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். கொடி வெட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். ஆனால் அந்த முப்பத்தொன்றாம் கத்தியில் ஒரு கருக்கு இருந்தது, இன்னொன்று இல்லை.

மறு வருடம் வைகாசியில் அந்தப் பெண் வந்தார். செய்தித்தாளில் சுற்றிய கத்தி. கோபமே இல்லை. "பிடி அவ்ளோ அழகா இருக்குண்ணா. அப்பா முதல் பழத்துல போட்டு ஒரு திருகு திருகினாரு, வாய் உடைஞ்சிருச்சு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு ஷோகேஸ்ல வெச்சுட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்கல." கூர் ஓடும் வாயில் ஒரு சுண்டுவிரல் நகம் அளவு பிறை போலப் பெயர்ந்து போயிருந்தது.

அவர் போனபிறகு வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உழைத்து உழைத்து உரம் ஏறிய கை, எண்பது வயதில், தன் மகள் ஆசையாகக் கொடுத்ததை ஒரே திருகில் உடைத்துவிட்டதாக நினைத்திருக்கும். தப்பு அந்தக் கையில் இல்லை.

வில்லியனூர் சாலையில் ஒரு கொல்லுப் பட்டறை உண்டு. பெரியவர் ஒருவரும் அவர் மகனும் அரிவாளும் மண்வெட்டியும் அடிப்பார்கள். கத்தியை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். பெரியவர் கொடியைப் பார்த்தார், நல்லா இருக்கு என்றார். பிறகு பட்டடையில் மெல்லத் தட்டிக் காதைக் கொடுத்தார்.

"பத்தரே, எந்த நிறத்துல தோய்ச்சல் போட்டீங்க?"

"நல்லா ஆரஞ்சு வந்து, மஞ்சள் தட்டுற வரைக்கும்."

"அது அடிக்கிற சூடு. தோய்க்கிற சூடு வேற."

உடைத்துக் காட்டட்டுமா என்று கேட்டார். பிடியை முதலில் காப்பாற்ற வேண்டும் என்றேன். ஆணிகளை அராவி எடுத்து, வாலை மட்டும் இளஞ்சூடு காட்டியதும் அரால்டைட் இளகி, பலாக்கட்டை இரண்டும் முழுசாகக் கழன்று வந்தன. அவற்றைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். அப்புறம் அலகை வைஸில் கடித்து ஒரே அடி. துண்டான முகத்தைப் பார்த்தால் கல்லுப்பை உடைத்தது போல மினுமினுவென்று பொரிபொரியாக இருந்தது. தன் பட்டறையில் உடைந்து கிடந்த ஒரு அரிவாளின் முகத்தைப் பக்கத்தில் வைத்தார். அது சலித்த சாம்பல் போல, மணியே தெரியாமல், மங்கலாக இருந்தது. "சூடு மிஞ்சினா மணி பெருத்துரும். பெருத்தா உதிரும். பொன்னு பொறுத்துக்கும் பத்தரே, இது பொறுக்காது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. தங்கம் உருகி ஓடிவிட்டால்கூட எனக்கு நஷ்டம் இல்லை, மறுபடி உருக்கி மறுபடி அடிப்பேன், அதே தங்கம்தான். அதனால் என் கண் எப்போதும் பற்றவைக்கும் பொடி உருகும் நிறத்தையும் பொன் உருகும் நிறத்தையும் தேடியே பழகியிருக்கிறது. எஃகு சூட்டில் வெறுமனே இருந்தாலே மேல்தோலில் இருக்கும் கார்பன் எரிந்து போகிறது, உள்ளே மணி வளர்கிறது. இன்னொரு தப்பும் செய்திருந்தேன். தோய்ச்சலுக்குப் பிறகு விறைப்பைத் தணிக்க வேண்டும். டார்ச்சை ஓட்டி, வைக்கோல் நிறம் தெரிந்ததும் முடிந்தது என்று நிறுத்தியிருந்தேன். நிறம் தோலில் வந்தது, தணிவு உள்ளே போகவில்லை.

இந்த மிஞ்சிய சூடு என்ற விஷயம் எவ்வளவு பழையது என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. நம் நாட்டு உருக்கு, வெளிநாட்டார் வூட்ஸ் என்று சொன்னது, ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் வரை கார்பன் உள்ளது. அதை வாங்கிப்போன ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் வழக்கமான வெள்ளைச் சூட்டில் வைத்து அடித்தார்கள், கட்டி நொறுங்கிப் போனது. குறைந்த சூட்டில், செர்ரிப் பழச் சிவப்பில், பொறுமையாக அடிக்க வேண்டிய பொருள் அது. அந்த உருக்கை மூசையில், அதாவது உருக்கும் மண்கிண்ணத்தில், வைத்துக் காய்ச்சிய இடங்களில் ஒன்று மேல்சிறுவளூர். 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் அங்கே மூசைத் துண்டுகளைக் கண்டறிந்து எழுதினார். அப்போது அது கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டம். பக்கத்து ஊர் மாதிரிதான் எனக்கு. நான் செய்த அதே தப்பைச் செய்யாமல் கத்தி அடித்த கைகள் பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருந்திருக்கின்றன.

அதன்பிறகு ஏழு மாதம் நான் ஒரு பூகூட வெட்டவில்லை. பழைய அரம் வாங்குவதை நிறுத்தினேன். எந்த எஃகு என்று தெரியாமல் எந்தச் சூடு என்று எப்படித் தெரியும்? ஓ.எச்.என்.எஸ். என்ற, எண்ணெயில் இறுகும் கருவி எஃகுப் பட்டையைப் பில்லோடு வாங்கினேன். 0.9 சதவீதம் அளவுக்குக் கார்பன், ஒரு சதவீதத்தை ஒட்டி மாங்கனீஸ். அந்த மாங்கனீஸ் இருப்பதால்தான் தண்ணீரின் அதிர்ச்சி இல்லாமல் எண்ணெயிலேயே இது இறுகுகிறது. கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் 1830களில் இரும்பாலை நடத்திய ஹீத் என்பவர்தான் பிற்பாடு இங்கிலாந்தில், 1839இல், எஃகு செய்வதில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பட்டையைக் கையில் எடுக்கும்போது அதையும் நினைத்துக்கொள்வேன்.

காஸ்டிங் முறையில் நகை வார்க்கும் நண்பர் ஒருவரிடம் மெழுகு எரிக்கும் மின் உலை இருக்கிறது. சூட்டை எண்ணாகக் காட்டும். ராத்திரி அவர் வேலை முடிந்ததும் எனக்குக் கொடுப்பார். பட்டையை இரண்டு விரல் நீளத் துண்டுகளாக வெட்டி 780, 800, 820, 850 என்று ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் வைத்து, சூடான கடலை எண்ணெயில் இறக்கி, உடைத்து, முகத்தைப் பார்த்து, சீட்டு ஒட்டி வைத்தேன். 800இல் சாம்பல் வந்தது. 850இல் கண்ணுக்கே பொரி தெரிந்தது. என் குமுட்டியில் செய்யும் நாட்களில் பழைய ஸ்பீக்கர் காந்தம்தான் துணை. 770 டிகிரியை ஒட்டி எஃகு காந்தத்தை விட்டுவிடும். அதற்கு ஒரு நிழல் மேலே போனால் போதும். இந்த வேலையைப் பொழுது சாய்ந்து கதவை ஒருக்களித்தபின்தான் செய்கிறேன். வெயிலில் நிறம் பொய் சொல்லும்.

பத்தர் தொழில் இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது. நகையைச் சூடு காட்டும் முன் கறுக்காமல் இருக்க போரிக் பவுடரை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவோம். அலகுக்கும் அதையே பூசினேன். சூட்டில் மேலே படரும் செதில் பாதிக்கு மேல் குறைந்தது. அப்புறம் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். வைக்கோல் நிறம் இப்போதும் வருகிறது, ஆனால் உள்வரை வெந்த நிறம். கடைசியில் பித்தளைக் கம்பியைக் கிடையாக வைத்து அதன்மேல் கூரை அழுத்தி இழுத்துப் பார்ப்பேன். வாய் மெல்ல வளைந்து திரும்பி நேராக வேண்டும். வளைந்தபடியே நின்றால் மெத்து. பெயர்ந்தால் விறைப்பு. இப்போது இந்தச் சோதனை தாண்டாத எதன்மேலும் எண் கொத்துவதில்லை.

எஃகு சரியானபிறகுதான் என் நகாசு வேலையை மறுபடி பார்த்தேன், அதிலும் குறை தெரிந்தது. முக்கோண அரத்தால் வெட்டிய இலைக்காம்புகளின் அடி கூராக இருந்தது. பார்க்க எடுப்பு. ஆனால் கூரான பள்ளத்தின் அடியில்தான் வெடிப்பு பிறக்கும். தோய்ச்சலின்போது எஃகு இறுகி இழுக்கும், அந்த இழுப்பெல்லாம் அங்கே போய் நிற்கும். எலிவால் அரத்துக்கு மாறினேன். ஒவ்வொரு வளைவின் அடியும் உருண்டையாக வந்தது. பிறகு நூலில் எமரித் தூளைத் தடவி உள்ளே இழுத்து, கோடு மறையும்வரை மழித்தேன். தோய்ச்சலுக்குப் பிறகு அரம் அதன்மேல் வழுக்கும், ஒன்றும் வெட்ட முடியாது. அதனால் எல்லாத் திருத்தமும் முன்பே முடிய வேண்டும். கொடி இப்போது முன்னைவிட மென்மையாக, தளிர் போல இருக்கிறது. உறுதிக்காகச் செய்தது அழகையும் கூட்டியது.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதச்சாலையிலிருந்து வந்த கட்டாரிகளைப் போய்ப் பார்த்தேன். யாளியும் கொடியும் தனியாக ஒட்டியதல்ல, எஃகையே குடைந்து எடுத்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று பள்ளங்களின் அடியைத்தான் உற்று உற்றுப் பார்த்தேன். காவலர் இரண்டு தடவை வந்து எட்டிப்பார்த்தார்.

முப்பத்தெட்டாம் கத்தி இந்த வருடம் சித்திரையில் முடிந்தது. அதே பலாப்பிடி, அதே ஆணித்துளைகள். வாயைத் தீட்டும் முன்பு கனம் கால் மில்லிமீட்டர், முன்பு இதைப்போல இரண்டு மடங்கு விட்டிருந்தேன். 120இல் தொடங்கி 800 வரை உப்புத்தாள், எல்லாம் கையால். கடல் காற்றில் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும் ஊர் இது. தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றி, தபாலில் அனுப்ப மனமில்லாமல் நானே பேருந்து ஏறினேன்.

பெரியவர் தோப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கத்தியை வாங்கிப் பிடியைத்தான் முதலில் தடவினார். எந்த மரம் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஷோகேஸுக்கு அனுப்பிவிடுவாரோ என்ற பயத்தில், "ஐயா, ஒரு பழம் அறுத்துப் பாருங்க" என்றேன்.

"இதுலயா தம்பி? மறுபடியும் போயிடுமே."

"போனா நான் இன்னொண்ணு கொண்டாரேன்யா."

கையிலும் அலகிலும் எண்ணெய் தடவிக்கொண்டார். பழத்தை நிறுத்தி நெடுக ஒரு கீறல். பிறகு கத்தியை உள்ளே இறக்கி, எனக்கு மூச்சு நின்ற அந்தத் திருகு. பழம் பிளந்தது. மறு பாதியிலும் தண்டை அரிந்து எடுத்து, இன்னொரு திருகு. கத்தியைத் துடைத்து என்னிடம் நீட்டினார். நகத்தை வைத்து வாயின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுத்துப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

சுளை கொடுத்தார், சாப்பிட்டேன். அப்புறம் அவர் கத்தியின் முதுகைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, "பால் ஏறிடுச்சே" என்றார். அலகில் தடவிய எண்ணெய் முதுகின் பள்ளங்களுக்குள் போகவில்லை. கொடியின் ஒவ்வொரு வளைவிலும் பலாப்பால் வெள்ளையாக அப்பியிருந்தது. இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து, எண்ணெய் தொட்ட ஈர்க்குச்சியால் ஒவ்வொரு இலையாகக் குத்தி எடுத்தோம். அரை மணி நேரம் ஆனது. பிடியை ஒட்டிய இரண்டு அங்குலம் மட்டும் சுத்தமாக இருந்தது, பழத்துக்குள் அந்த இடம் போவதே இல்லை.

முப்பத்தொன்பதுக்கான பட்டையை நேற்று வெட்டினேன். அதில் கொடி பிடியிலிருந்து கிளம்பி இரண்டு அங்குலத்தில் ஒரு மொட்டோடு நின்றுவிடும்.